ஆநிரை காத்தலும் கானகம் காத்தலும்

தேனி மாவட்டம் ஆண்டிப்பட்டி வட்டத்தில் வைகைக் கரையை ஒட்டி அமைந்த சிற்றூர் புலிமான்கோம்பை. 2006ஆம் ஆண்டு தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அவ்வூரில் தமிழ்ப் பிராமி எழுத்துப் பொறித்த நடுகற்கள் மூன்றைக் கண்டறிந்தனர். கிறித்துவுக்கு முற்பட்ட நூற்றாண்டுகளைச் சார்ந்தவை எனக் கருதப்படும் அக்கற்களுள் ஒன்று, கூடலூரில் நிகழ்ந்த ஆகோளில் உயிர்நீத்த வீரன் ஒருவனைக் குறிக்கின்றது. அக்கூடலூர் கம்பத்தை அடுத்துள்ள கூடலூரே ஆகலாம் என்று ஆய்வாளர் சிலர் கருதுவர். நம் வட்டாரம் தன்னைப் பற்றி எழுதி வைத்த மிகப் பழைய செய்திகளுள் ஒன்று மாடு பற்றியது என்பது எண்ணி மகிழத்தக்கது.

ஊர்ப் பெயரும் நம் கவனத்திற்குரியது. கோம்பை என்பது மலைகளுக்கிடையே அமைந்த பள்ளம். அப்பள்ளத்தில் புலியும் உண்டு, மானும் உண்டு என்பதை ஊர்ப் பெயரே உரைப்பது போலத் தோன்றுகின்றது. கல்லிலே மாடு, பெயரிலே புலி. இவ்விரண்டுக்கும் இடையே மனிதன் எங்கே நின்றான், இன்று எங்கே நிற்கின்றான் என்பதே இக்கட்டுரை ஆராய முற்படும் பொருள். பத்தாண்டு நிறைவு காணும் நம் இலக்கிய வட்டத்தின் மலரில் காட்டுயிர் பற்றிய கட்டுரைக்கு என்ன இடம் என்று சிலர் வினவக்கூடும். குறிஞ்சியையும் முல்லையையும் ஓயாது பாடும் கவிஞர்கள் கூடும் அவையில், அக்குறிஞ்சியும் முல்லையும் இன்று யாருடைய காவலில் உள்ளன என்று கேட்பது பொருத்தமற்றதாகாது.

நிரையும் நடுகல்லும்

புறத்திணையின் தொடக்கமே ஆநிரையாகும். நிரை கவர்தல் வெட்சி. கவர்ந்த நிரையை மீட்டல் கரந்தை. மாட்டைக் கவர்ந்தவனுக்கும் கல் உண்டு. மீட்டவனுக்கும் கல் உண்டு. பிற்காலத்தே மூன்றாம் வகையினர்க்கும் கல் எழுந்தது. பட்டியில் புகுந்த புலியை எதிர்த்து மாண்டவனுக்கு எடுத்த கல்லைப் புலிகுத்திக்கல் என்று மக்கள் வழங்கினர். தமிழகத்தின் பல பகுதிகளில், கொங்கு நாட்டில் மிகுதியாக, இத்தகைய கற்கள் காணப்படுகின்றன. வாளோ ஈட்டியோ ஏந்திய வீரன், பாயும் புலி என்பனவே அவற்றில் காணும் காட்சி.

அந்நாளில் காவல் என்னும் சொல்லுக்குப் பொருள் தெளிவாக இருந்தது. காக்கப்படுவது மாடு, அதற்குப் பகை புலி. 1972ஆம் ஆண்டு இயற்றப்பட்ட காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டமும், 1973இல் தொடங்கிய புலிகள் பாதுகாப்புத் திட்டமும் அப்பொருளைத் தலைகீழாக்கின. காக்கப்பட வேண்டியது புலி ஆயிற்று. காட்டினுள் நுழையும் மாடு குற்றப் பொருளாயிற்று. ஈராயிரம் ஆண்டுகளாக நடுகல்லுக்கு உரியவனாயிருந்த மேய்ச்சற்காரன், ஒரு தலைமுறைக்குள் அத்துமீறியவனாகக் கருதப்பட்டான். இம்மாற்றத்தின் நியாயத்தையும் அநியாயத்தையும் ஒருசேர எடைபோடுதல் வேண்டும்.

மலையும் வயலும்

குச்சனூர் சனீசுவரர் கோயிலுக்கு ஆடிச் சனிக்கிழமைகளில் வரும் அன்பர்கள், கோயிலை ஒட்டி ஓடும் ஆற்றில் நீராடுவர். சுருளியாறாகிய அதனைச் சுரபி நதி என்று கோயில் வழக்கு போற்றுகின்றது. சுரபி என்பது வேண்டுவன எல்லாம் வழங்கும் தெய்வப் பசுவின் பெயர். ஆற்றுக்கு அப்பெயர் ஏன் வந்தது என்பதற்குப் புராணம் எவ்விடை கூறினும், வேளாண்மை கூறும் விடை ஒன்றுண்டு.

கம்பம் பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கர் நிலம் இருபோக நெல் விளையும் நிலமாகும். குச்சனூர் வயல்கள் அதனுள் அடங்குவன. இவ்வயல்களுக்கு நீர் வருவது முல்லைப் பெரியாற்றிலிருந்து. பென்னிகுயிக் தலைமையில் 1887 முதல் 1895 வரை கட்டப்பட்ட அணை, மேற்கே ஓடிக் கடலில் கலந்த நீரைத் தேக்கி, மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே கிழக்கே திருப்பியது. அணையின் வரலாறு நம்மவர் அனைவரும் அறிந்ததே. நாம் பெரிதும் எண்ணாதது, அணைக்குப் பின்னால் இருக்கும் காட்டை. ஏறத்தாழ 624 சதுர கிலோமீட்டர் பரப்பில் பெய்யும் மழையைக் காடு வாங்கி, மெல்ல மெல்ல ஏரிக்கு விடுகின்றது. அக்காடு அழிந்தால், மழைக்காலத்தில் சேறும் கோடையில் வறட்சியுமே எஞ்சும்.

நீர் காட்டிலிருந்து வந்தது. உரம் மாட்டிலிருந்து வந்தது. அறுவடை முடிந்த வயலில் மலைமாட்டுக் கிடை அமர்த்துவது நம் உழவர் வழக்கம். இரவெல்லாம் மாடுகள் படுத்த நிலம் மறுபோகத்திற்கு ஆயத்தமாகும். வயலில் பயிர் நிற்கும் காலத்தில் அம்மாடுகள் எங்கே போகும்? மேற்கே ஏலமலை அடிவாரத்திற்கும், கிழக்கே மேகமலை, வருசநாட்டு மலைகளின் சரிவுகளுக்கும் ஏறும். கம்பத்தில் நந்தகோபாலசுவாமிக்குரிய தம்பிரான் மாட்டுத்தொழு, மாட்டையே வழிபடுபொருளாகக் கொண்டு இன்றும் நின்று நிலவுகின்றது. மாட்டுப்பொங்கலன்று அங்குத் திரளும் கூட்டத்தைக் கண்டவர், இவ்வுறவு எத்துணை ஆழமானது என்பதை உணர்வர்.

ஆகவே, குச்சனூர் நெல்லுக்குத் தாய் இருவர். ஒருத்தி காடு, மற்றொருத்தி மாடு. இவ்விருவருக்குள் மூண்ட வழக்கே இன்று நம்முன் நிற்பது.

வேட்டைக்காடு காப்புக்காடான கதை

பெரியாற்று ஏரியைச் சூழ்ந்த காட்டைத் திருவிதாங்கூர் அரசு 1899இல் ஒதுக்குக்காடாக அறிவித்தது. 1934இல் நெல்லிக்காம்பட்டி விலங்குப் புகலிடம் உருவாயிற்று. எஸ். சி. எச். ராபின்சன் என்னும் ஆங்கிலேயர் அதன் காப்பாளர் பொறுப்பை ஏற்றார். 1950இல் அது பெரியாறு காட்டுயிர்ப் புகலிடமாக விரிந்தது. 1978இல் புலிகள் காப்பகமாயிற்று. 777 சதுர கிலோமீட்டராக இருந்த அதன் பரப்பு, பின்னர் 925 சதுர கிலோமீட்டராயிற்று.

நம் பக்கத்து மலையில் அரசுக்கு முன்னரே தனிமனிதர் ஆர்வம் தொழிற்பட்டது. மேகமலைத் தேயிலைத் தோட்டத்தில் பணிபுரிந்த ஆங்கஸ் ஹட்டன் என்னும் இயற்கையாளர், 1948இல் அங்கே பழந்தின்னி வௌவால் ஒன்றைச் சேகரித்தார். பாம்பே இயற்கை வரலாற்றுக் கழகத்தின் காப்பில் இருந்த அம்மாதிரியை வேறோர் இனம் என்றே பலகாலம் எண்ணியிருந்தனர். 1972இல் தாய்லாந்து நாட்டு அறிஞர் கித்தி தோங்லோங்யா அதனை ஆராய்ந்து, உலகம் அதுவரை அறியாத புதிய பேரினம் என்று நிறுவி, பறவையியல் அறிஞர் சாலிம் அலியின் பெயரைச் சூட்டினார். நம் மலையின் வௌவால் ஒன்று தன் பெயரைப் பெற 24 ஆண்டுகள் காத்திருந்தது. பார்த்தும் அறியாதிருத்தல் என்பது காட்டைப் பொறுத்தவரை எவ்வளவு எளிது என்பதற்கு இது சான்றாகும்.

காட்டைக் காப்பதென்பது ஆணை பிறப்பிப்பதுடன் முடிவதன்று. ஒருவர் நாள்தோறும் நடக்க வேண்டும். சுருக்குக் கம்பிகளைத் தேடி அறுக்க வேண்டும். ஈரமண்ணில் பதிந்த தடம் எவ்விலங்கினது, எப்பொழுதினது என்று சொல்ல வேண்டும். புலிகளைக் கணக்கிட, 1960களில் எஸ். ஆர். சௌத்ரி வகுத்த முறைப்படி, காலடித் தடத்தைச் சாந்துக் கலவையில் வார்த்தெடுத்தனர். ராஜஸ்தானத்துச் சரிஸ்காவில் புலியே இல்லை என்பது 2005இல் வெளிப்பட்டபின், அம்முறை கைவிடப்பட்டது. இன்று காட்டுவழியில் இருபுறமும் தானியங்கிக் கேமராக்களைக் கட்டுகின்றனர். இரு புலிகளின் வரிகள் ஒன்றுபோல் இருப்பதில்லை. ஆதலின் படத்தைக்கொண்டு ஒவ்வொன்றையும் தனித்தறிய இயலும். இம்முறையில் 2006இல் 1,411 என மதிப்பிடப்பட்ட இந்தியப் புலிகள், 2022ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் சராசரியாக 3,682 என மதிப்பிடப்பட்டன. கருவி புதிது, ஆயினும் அதை எந்த மரத்தில் கட்டுவது என்பதைப் புலி நடக்கும் வழியறிந்தவரே சொல்ல முடியும்.

பட்டை உரித்த கைகள்

அவ்வழியறிந்தவர் யார்? பெரியாற்றில் இவ்வினாவுக்குக் கிடைத்த விடை வியப்பளிப்பது. கும்ளியைச் சூழ்ந்த எல்லையோர ஊர்களில், காட்டில் மறைவாகப் புகுந்து வயணை மரத்தின் பட்டையை உரித்து விற்றுப் பிழைத்தவர் சிலர் இருந்தனர். லவங்கத்தின் இனத்தைச் சார்ந்த அம்மரத்தின் பட்டைக்கு நல்ல விலை உண்டு. வனத்துறை அவர்களைத் துரத்தியது, அவர்கள் ஒளிந்தனர், பிடிபட்டனர், மீண்டும் புகுந்தனர். இவ்விளையாட்டில் மரங்களே மாண்டன.

1996 முதல் 2004 வரை உலக வங்கித் துணையுடன் நடைபெற்ற சூழல் மேம்பாட்டுத் திட்டக் காலத்தில் இந்நிலை மாறியது. 1998இல் அப்பட்டைக்காரர்களுடன் ஓர் உடன்பாடு காணப்பட்டது. அவர்கள் திருட்டைக் கைவிடுவர்; தம் கூட்டாளிகளின் தடங்களைக் காட்டுவர்; காட்டினுள் ரோந்து போவர். கைம்மாறாக, அவர்கள்மீதான வழக்குச் சுமை நீங்கும். சுற்றுலாப் பயணியரைக் காட்டினுள் நடத்திச் செல்லும் உரிமை கிடைக்கும். அவ்வருவாய் குழுவின் பொதுநிதியைச் சேரும். முன்பு இரவில் மறைந்து சென்ற அதே பாதையில், அவர்கள் பகலில் பயணியரை அழைத்துச் சென்றனர். புதர்மறைவில் புகை எழுந்தால் அது யார் மூட்டிய அடுப்பு என்று அறியும் கண், இப்பொழுது காவலுக்குப் பயன்பட்டது. நம் தமிழகப் பக்கத்தாரைக் கொண்ட ‘விடியல்’ என்னும் குழுவும் இவ்வழியே உருவானது. 2002இல் எல்லையோரப் பெண்கள் ‘வசந்தசேனை’ என்ற பெயரில் திரண்டு, ஊதியம் கருதாது முறைவைத்துக் காட்டுக்குள் ரோந்து சென்றனர். விறகு கட்டவும் நீர் எடுக்கவும் காட்டை நாடிய பெண்கள், அக்காட்டின் காவலராயினர்.

ஈதோர் உலகறிந்த முன்மாதிரியாகப் போற்றப்படுகின்றது. இதன் அடிப்படை மிக எளிது. காட்டை அறிந்தவன் கையில் அறிவு இருக்கின்றது, பசியும் இருக்கின்றது. பசியைத் தீர்த்தால் அறிவு காட்டின் பக்கம் திரும்பும். பசியை மட்டும் தண்டித்தால், அறிவு கள்ளத்தின் பக்கமே நிலைக்கும்.

ஆப்பிரிக்கப் பண்ணை நாடு

பட்டைக்காரரிடம் பலித்த இவ்வுண்மை மாட்டுக்காரரிடம் பலிக்குமா? மாடும் காட்டுயிரும் ஒரே புல்லுக்குப் போட்டியிடும் ஆப்பிரிக்கக் கால்நடைப் பண்ணை நாட்டின் வரலாறு இங்கே துணைசெய்யும்.

கென்யா நாட்டின் லேவா ஒரு மாட்டுப்பண்ணை. யானைத் தந்தத்திற்காகவும் காண்டாமிருகக் கொம்பிற்காகவும் கொலைகள் மலிந்த காலத்தில், 1983இல் அப்பண்ணையின் உரிமையாளர்கள் ஏறத்தாழ 5,000 ஏக்கரை வேலியிட்டு, ஆனா மெர்ஸ் என்னும் பெண்மணியின் துணையுடன் கறுப்புக் காண்டாமிருகங்களுக்குப் புகலிடம் ஆக்கினர். 1995இல் அப்பண்ணை முழுவதும் காட்டுயிர்க் காப்பிடமாயிற்று. மேய்ச்சல் குடிகளைச் சார்ந்த இளைஞர் பலர் அங்கே காண்டாமிருகங்களின் தடம்பற்றிச் செல்லும் காவலராயினர்.

நமீபியாவின் செய்தி நமக்கு இன்னும் அணுக்கமானது. அந்நாட்டுப் பண்ணையாளர்கள் தம் கன்றுகளையும் ஆடுகளையும் கொல்வதாகக் கருதிச் சிவிங்கிப்புலிகளை ஆயிரக்கணக்கில் சுட்டும் பொறிவைத்தும் அகற்றினர். 1990இல் லாரி மார்க்கர் என்னும் அறிவியலாளர் அங்கே சிவிங்கிப்புலிக் காப்பு நிதியத்தைத் தொடங்கினார். பண்ணை பண்ணையாகச் சென்று, எது இழப்பு, எது அச்சம் என்று பிரித்துக் காட்டினார். 1994 முதல், துருக்கி நாட்டு அனத்தோலிய மேய்ப்புநாய்க் குட்டிகளைப் பண்ணையாளர்களுக்கு வழங்கினார். குட்டிப் பருவம் முதல் மந்தையோடு வளரும் அந்நாய், மந்தையைத் தன் குடும்பமாகக் கொள்ளும். அதன் குரைப்பே சிவிங்கிப்புலியை விலக்கிவிடும். துப்பாக்கிக்கு வேலை குறைந்தது. அந்நமீபிய மண்ணிலிருந்து 2022 செப்டம்பரில் எட்டுச் சிவிங்கிப்புலிகள் மத்தியப் பிரதேசத்துக் குனோ காட்டிற்கு வந்தன என்பதும் நினைவுகூரத்தக்கது.

மந்தைக் காவலுக்கு நாய் என்பது நமக்குப் புதிதன்று. குச்சனூருக்கு அண்மையில் உள்ள கோம்பை ஊர், செந்நிற உடலும் கரிய வாயும் கொண்ட காவல்நாய் இனத்திற்கே தன் பெயரை ஈந்தது. எனினும், ஒன்றை அப்படியே எடுத்து மற்றொன்றில் பொருத்துதல் தகாது. அங்கே நாய் நிற்பது தனியார் பண்ணையில். இங்கே மாடு செல்வது பொதுக்காட்டில். சிறுத்தைக்கு நாயே விருப்ப உணவு. நாய்வழிப் பரவும் நோயால் 1994இல் தான்சானியாவின் செரங்கெட்டியில் சிங்கங்களில் மூன்றில் ஒரு பங்கு மடிந்தது.

ஆப்பிரிக்கா நமக்குப் பிழையையும் கற்பிக்கின்றது. 1959இல் செரங்கெட்டியிலிருந்து மாசாய் மேய்ப்பர்கள் வெளியேற்றப்பட்டனர். காட்டுயிருடன் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தவரை அகற்றிவிட்டுக் காட்டைக் காத்தல் அறமா என்ற வினா, இன்றளவும் அந்நாட்டில் ஓயவில்லை.

கிடையும் காப்பகமும்

இனி நம் வட்டாரத்திற்குத் திரும்புவோம். 269 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள மேகமலைப் புகலிடமும், 1988இல் அமைந்த திருவில்லிபுத்தூர்ச் சாம்பல்நிற அணில் புகலிடமும் இணைந்து, 2021 பிப்ரவரியில் திருவில்லிபுத்தூர் – மேகமலைப் புலிகள் காப்பகமாயின. 1,016 சதுர கிலோமீட்டருக்கு மேற்பட்ட இது, தமிழகத்தின் ஐந்தாவது புலிகள் காப்பகம். 2022 மார்ச்சில் சென்னை உயர்நீதிமன்றம் வனங்களில் கால்நடை மேய்ச்சலுக்குத் தடை விதித்தது. தேனி மாவட்ட மேய்ச்சல் பற்றி எழுந்த வழக்கே அதற்கு வாயில். மாநில முழுமைக்கும் என்றிருந்த அத்தடை, அம்மாதத்திலேயே புலிகள் காப்பகம், தேசியப் பூங்கா, புகலிடம் ஆகியவற்றின் அளவில் சுருக்கப்பட்டது. நம் மலைமாடுகள் ஏறும் சரிவுகளுட் பெரும்பகுதி அவ்வளவினுள் அடங்கிவிட்டது.

தடைக்குக் காரணம் இல்லாமல் இல்லை. 1968இல் முதுமலை, பந்திப்பூர்க் காடுகளில் மாட்டுவெக்கை நோய் பரவிக் காட்டெருமைகள் கூட்டம் கூட்டமாக மடிந்தன. அந்நோயின் வலிமையை 1890களின் ஆப்பிரிக்கா அறியும். மாடும் காட்டெருமையும் ஒருசேர அழிந்து, மேய்ச்சற் குடிகள் பஞ்சத்தில் வீழ்ந்தன. இந்தியாவில் அந்நோய் இறுதியாகக் காணப்பட்டது 1995இல், தமிழகத்தின் வடாற்காட்டுப் பகுதியில். 2011இல் அது உலகிலிருந்தே ஒழிக்கப்பட்டதாக அறிவிக்கப்பட்டது. வெக்கை போயினும் கோமாரி முதலிய நோய்கள் உள்ளன. புதுப்புல் வேண்டிச் சருகுக்குத் தீயிடுவோர் செயலால் காடு வேகின்றது என்னும் குற்றச்சாட்டும் உண்டு. இவற்றை மறைத்து மேய்ச்சலாருக்காக வாதிடுவது நேர்மையாகாது.

ஆயினும் மறுபக்கமும் உண்டு. 2006ஆம் ஆண்டு வனஉரிமைச் சட்டம், மேய்ச்சல் குடிகளின் பருவகால மேய்ச்சல் உரிமையைச் சமூக உரிமையாக ஏற்கின்றது. ஆனால், பழங்குடியினர் அல்லாதோர் 75 ஆண்டுக்கால வாழ்வை மெய்ப்பிக்க வேண்டும். மழையையும் புல்லையும் தொடர்ந்து நடந்தவனிடம் எந்த ஏடு இருக்கும்? வனத்துறை அந்நாளில் வழங்கிய மேய்ச்சல் சீட்டுகளும், கிடை அமர்ந்த வயலுக்குரியோரின் நினைவுகளுமே அவனுடைய ஏடுகள். அவை நாளுக்கு நாள் அழிந்து வருகின்றன.

2023ஆம் ஆண்டு நிகழ்ச்சி ஒன்று இங்குக் கருதத்தக்கது. கேரளத்துச் சின்னக்கானல் பகுதியில் பிடிக்கப்பட்ட அரிக்கொம்பன் என்னும் யானை, ரேடியோ கழுத்துப்பட்டை அணிவிக்கப்பட்டு, ஏப்ரல் இறுதியில் பெரியாற்றுக் காட்டில் விடப்பட்டது. அது எல்லைக்கோட்டைப் பொருட்படுத்தாமல் மேகமலைக்கு வந்தது. மே 27 அன்று கம்பம் நகரத் தெருக்களிலேயே நடந்தது. அங்கே காயமுற்ற ஒருவர் உயிரிழந்தார். ஜூன் 5 அன்று மயக்க ஊசி செலுத்திப் பிடித்து, களக்காடு – முண்டந்துறைக் காட்டிற்குக் கொண்டுசென்றனர். கழுத்துப்பட்டை யானை நின்ற இடத்தைக் காட்டியது. அவ்விடம் யாருடைய தோப்பு, அதற்கு அடுத்த நீர்நிலை எது, இரவில் அது எவ்வழி இறங்கும் என்பதைச் சொல்ல ஊராரே வேண்டும். மலையடிவாரத்தை இரவும் பகலும் அறிந்தவர் கிடைக்காரரினும் வேறு யார்?

ஆகவே, இக்கட்டுரை வேண்டுவது தடையை நீக்குதல் அன்று, அறிவை வீணாக்காதிருத்தல். பட்டை உரித்தவர்க்குப் பெரியாற்றில் நீட்டப்பட்ட கை, மாடு மேய்த்தவர்க்கு மேகமலையில் நீட்டப்படல் வேண்டும். தீத்தடுப்புக் காலத்தில் காவலராகவும், யானை இறங்கும் வழியை முன்னறிவிப்போராகவும், கேமரா கட்டுவோர்க்கு வழிகாட்டியாகவும் அவர்கள் பணி பெறலாம். காப்பகத்திற்கு வெளியே எஞ்சிய புறம்போக்குகளில் மேய்ச்சல் நிலம் ஒதுக்கி, மாடுகளுக்கு முறையாகத் தடுப்பூசி இட்டால், கிடையும் வாழும், வயலும் வாழும்.

கவிஞர் கடன்

இதில் கவிஞர்க்கு என்ன பங்கு? நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகனார் மா. கிருஷ்ணன், தம் வாழ்நாளைக் காட்டில் நடந்தே கழித்தவர். தமிழிலும் ஆங்கிலத்திலும் காட்டுயிர் பற்றி எழுதியவர். கண்ணால் காணாத எதையும் எழுத ஒருப்படாத எழுத்து அவருடையது. அவ்வழியில் தியடோர் பாஸ்கரன் போன்றோர் கானுயிர்த் துறைக்குத் தமிழ்ச் சொல்வளம் தேடினர். அச்சொற்களுட் பல புதிதாக ஆக்கப்பட வேண்டியன அல்ல. மேய்ப்பர் வாயில் உள்ளன. மாட்டின் நிறத்துக்கு மயிலை, செவலை, காரி என ஒரு வரிசை. கொம்பின் வளைவுக்கு வேறொரு வரிசை. புல்லுக்கும், சுனைக்கும், பாறைக்கும், ஒவ்வொரு மேட்டுக்கும் தனித்தனிப் பெயர். கிடை மலையேறுவது நின்ற ஆண்டிலிருந்து அப்பெயர்களைச் சொல்லத் தேவை இல்லாமற் போகின்றது. சொல்லத் தேவையற்ற சொல் இரு தலைமுறைக்குமேல் வாழாது.

முல்லைப்பூவைப் பாடுவோர் பலர் உள்ளனர். முல்லை நிலத்துப் பெயர்களைக் கேட்டு எழுதுவோர் மிகச் சிலரே. நம் வட்டத்தார் அடுத்துவரும் பத்தாண்டில், குச்சனூரைச் சூழ்ந்த ஊர்களின் முதிய கிடைக்காரரை நாடிச் சென்று, அவர்கள் வழங்கும் இடப்பெயர், புற்பெயர், மாட்டுப்பெயர் ஆகியவற்றையும், அவர்கள் கையில் எஞ்சியுள்ள மேய்ச்சல் சீட்டுகளையும் படியெடுத்து வைப்பாராக. அத்தொகுப்பு கவிஞனுக்குச் சொல்லாகும். காட்டில் நடப்பவனுக்கு வழியாகும். உரிமை கோரி நிற்பவனுக்குச் சான்றாகும். கூடலூர் ஆகோளில் மாண்டவனின் நினைவு நம்மை வந்தடைந்தது, எழுத்தறிந்த ஒருவன் அன்று உளி எடுத்ததனால்தான்.